கொம்பனுக்குச் சேனை

"விளக்கப் பாத்து ஏசுங்க மதினி, என்னைப் பாத்து ஏசாதிய. நான் என்ன பண்ணேன்..."

"விளக்குக்குக் காது இருந்தா அதையே ஏசிருவேன். காதோட நிக்கது நீதானே. நேத்து அதைத் தொடச்சது யாரு..."

"தொடச்சா அவிஞ்சு போற விளக்குன்னா அது எப்பவோ..."

"ஈரத்துணி. நான் பாத்தேன்."

"காஞ்ச துணி மதினி."

இரண்டு பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். அறுபதைத் தாண்டியவர்கள் சண்டை போட்டால் இப்படித்தான், நடுநடுவே இடைவேளை விட்டுவிட்டுப் போட வேண்டியிருக்கும். அந்த இடைவேளையில் தன்ஷிகா தொட்டியைப் பார்த்தாள். கண்ணாடித் தொட்டிக்குள் கொம்பன் இருட்டில் இருந்தது. மான் கொம்பு போலக் கிளைவிட்ட பவளம். நேற்றுவரை நுனியெல்லாம் நீலம் பூத்து நின்றது, இன்று துவைத்துப் போட்ட பாவாடை நாடா மாதிரி சுருங்கிக் கிடந்தது.

மதினி மித்ராஸ்ரீ மறுபடி வாயைத் திறப்பதற்குள் தெருக்காரர்களின் குரல் வரிசையாகக் கைபேசியில் வந்தது. எல்லார் வீட்டு விளக்கும் அவிந்திருந்தது. ஈரத்துணிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. மித்ராஸ்ரீ அதற்காக வாபஸ் வாங்கவில்லை.

விஷயம் இதுதான். பவள விளக்கு ஒவ்வொன்றும் விடிந்ததும் தன்னைச் செய்த கம்பெனியிடம் "எரியட்டுமா" என்று கேட்கும். எங்கோ இருக்கிற கம்பெனி "எரி" என்று சொல்லும். அதன் பிறகுதான் எரியும், மாமியாரைக் கேட்டுவிட்டு அடுப்புப் பற்ற வைக்கிற மருமகள் மாதிரி. அந்தக் கம்பெனியை முந்தின நாள் இழுத்து மூடிவிட்டார்கள். மாமியார் செத்த விவரம் தெரியாமல் தூத்துக்குடி முழுக்க மருமகள்கள் தீப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

தூத்துக்குடிக் கடல் குளிக்கிற வெந்நீர்ப் பதத்துக்கு வந்தபோது, மிச்சம் இருந்த பவளங்களை எல்லாம் கொத்துக் கொத்தாக எடுத்து, கடல் ஆறுகிறவரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று பவளத் துறைக்காரர்கள் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார்கள். கடலைப் பங்கு போட்டுக்கொண்ட ஊர் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்று மேடையில் பேசினார்கள். அப்புறம் ஊர் தன் வேலையைக் காட்டியது. பவளம் நல்ல நிறமாக இருந்தால் அது கைராசியுள்ள வீடு. வெளுத்துப்போனால் அந்த வீட்டில் பெண் எடுக்க யோசித்தார்கள். மூன்றாம் தெருவில் ஒன்று செத்தபோது துக்கம் கேட்கப் போனவர்கள் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து, அழுவதா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, கடைசியில் காபி குடித்துவிட்டு வந்தார்கள்.

பவளம் கொடுப்பதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருவர் படுத்தால் இன்னொருவர் பார்ப்பார் என்று. கொம்பனை வாங்கியது தன்ஷிகாவின் அண்ணன் நிகிலேஷும் அவன் பெண்டாட்டி மித்ராஸ்ரீயும். நிகிலேஷ் போய்ச் சேர்ந்தபோது தன்ஷிகா துட்டி கேட்க வந்தாள், ஒரு பெட்டியோடு. பதினாறு முடிந்து கிளம்பும்போது மித்ராஸ்ரீ, "நீ போயிட்டியன்னா ஒத்த ஆளுன்னு துறைக்காரன் பவளத்தைத் தூக்கிட்டுப் போயிருவான்" என்றாள். "இரு" என்று சொல்லவில்லை. தன்ஷிகாவும் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. பெட்டி மட்டும் பரணுக்குப் போயிற்று.

அதற்குப் பிறகு எந்தச் சண்டை வந்தாலும் ஒரே முறைதான். சண்டை உச்சிக்குப் போனதும் தன்ஷிகா ஸ்டூலைப் போட்டுப் பெட்டியை இறக்குவாள். மித்ராஸ்ரீ சட்டத்தைச் சொல்லுவாள். தன்ஷிகா பெட்டியை மேலே வைப்பாள். பெட்டிக்குள் ஒன்றும் கிடையாது என்பது தன்ஷிகாவுக்கு மட்டும்தான் தெரியும். அவளுக்குப் போக்கிடம் என்றால் கோவில்பட்டியில் ஒரு மூத்தோர் விடுதி. அங்கே காலையில் ஒரு இயந்திரம் வந்து எல்லாரையும் சிரிக்கச் சொல்லி, சிரிக்காதவர்களுக்குப் பதிலாகத் தானே சிரிக்குமாம்.

ஆகவே அன்று இருண்ட தொட்டி முன்னால் நிற்கும்போது தன்ஷிகாவுக்குப் பயம் கொம்பனுக்காக மட்டும் அல்ல. கொம்பன் செத்தால் சட்டம் செத்தது. அடுத்த சண்டையில் பெட்டியை இறக்கினால், மேலே வை என்று சொல்ல யாருக்கும் காரணம் இருக்காது.

முதலில் கைபேசி வெளிச்சத்தைக் காட்டிப் பார்த்தார்கள். பிறகு மித்ராஸ்ரீ, கோயில் கொடைக்குக் கட்டின சீரியல் செட்டில் ஒரு சரத்தை அவிழ்த்து வந்தாள். அது விட்டுவிட்டு எரிகிற ரகம். கொம்பன் விரிந்தது, சுருங்கியது, விரிந்தது, சுருங்கியது. இப்படியே போனால் அதற்குத் தலை சுற்றி வாந்தி வரும் என்றாள் தன்ஷிகா. வாய் இருக்கிறதே தவிர அதற்குத் தலை கிடையாது என்றாள் மித்ராஸ்ரீ. வாய் மட்டும் உள்ள ஆட்களை எனக்கும் தெரியும் என்று இவள் சொல்ல, அதில் ஒரு கால் மணி நேரம் போயிற்று.

"நீல வெளிச்சம் வேணும். அடர்த்தியா, அசையாம எரியணும்" என்றாள் மித்ராஸ்ரீ.

அசையாமல் எரிகிற நீல வெளிச்சம் அந்தத் தெருவில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. முக்கு பரோட்டாக் கடையில், ஈ அடிக்கிற விளக்கு.

தொட்டியில் பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிப் போனார்கள். பரோட்டாக் கல்லுக்குப் பக்கத்தில் தொட்டியை வைத்ததும் மாஸ்டர் சுடலை மாவு வீசுவதை நிறுத்திவிட்டார். நடக்கிற வியாபாரத்தில் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து வைப்பதா என்று கேட்டார். மித்ராஸ்ரீ அந்தக் காலத்தில் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளை மேய்த்தவள். அவள் குரலுக்குக் கப்பலே தள்ளி நிற்கும், சுடலை எம்மாத்திரம். ஆனாலும் அவளிடம் கேட்க அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வெளிச்சம் இல்லாவிட்டால் தொட்டிக்குள் இருக்கிற இந்தக் கல்லு எப்படிச் சாகும்?

"கல்லு இல்ல, உசிரு. அதுக்குள்ள சின்னதா பாசி குடியிருக்கு. பாசிதான் சமையக்காரி. வெளிச்சம்தான் அவளுக்கு அடுப்பு. அடுப்பு எரியலன்னா சோறு இல்ல. சோறு இல்லன்னா வீட்டுக்காரிக்குக் கோவம் வந்து சமையக்காரிய வெளிய தள்ளிருவா. தள்ளிட்டு அவளும் வெளுத்துப்போய்ப் பட்டினி கெடந்து சாவா."

"தள்ளாம ரெண்டு பேரும் பொறுத்துப் போனா என்ன?" என்றார் சுடலை.

"அந்த அறிவு இருந்தா அது ஏன் கல்லோட கல்லாக் கெடக்கு" என்றாள் மித்ராஸ்ரீ.

தன்ஷிகாவுக்கு இதில் யார் வீட்டுக்காரி, யார் சமையற்காரி என்று சட்டென்று ஒரு யோசனை ஓடிற்று. மித்ராஸ்ரீக்கு வெந்நீர் தவிர ஒன்றும் வைக்கத் தெரியாது.

ஈ விளக்கு கொம்பனுக்குப் போதவில்லை. அதோடு அது தன் தொழிலையும் விடவில்லை. 'பட் பட்' என்று ஈக்கள் தொட்டிக்குள் விழுந்தன. வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்து இது சால்னாவா, தனியாகக் கேட்டால் கொடுப்பீர்களா என்று விசாரித்தார்கள். அதில் இசக்கி என்று ஒரு இளம் தகப்பன் மட்டும், பார்சலுக்குக் காத்து நின்றவன், அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"என் பிள்ளயும் இப்பிடித்தான் நீல லைட்டுக்குள்ள கெடக்கு அக்கா. பெறந்ததும் மஞ்சக்காமாலை. நாலு ரோட்டுப் பக்கம் ஆஸ்பத்திரில வச்சிருக்கோம். இத விடப் பத்து மடங்கு வெளிச்சம்."

மதினியும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அன்றைக்கு முதல் தடவையாக இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம் வந்தது. உடனே அது யாருக்கு முதலில் வந்தது என்பதில், ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆட்டோ முழுக்கச் சண்டை. பேருந்து நிலையத்தைத் தாண்டும்போது ஒலிபெருக்கியில் தன்ஷிகாவின் குரல் கேட்டது. பயணிகளின் கவனத்திற்கு, என்று. அறிவிப்பாளர் வேலையில் இருந்தபோது எடுத்துவைத்த குரல். அவள் ஓய்வு பெற்றும் அதற்கு ஓய்வு கொடுக்கவில்லை. அங்கேயும் நீ, இங்கேயும் நீ, ஒரு மனுஷி எந்தக் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்றாள் மித்ராஸ்ரீ.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உலகம்மை என்று ஒரு சின்னப் பெண். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் எத்தனை நாகரிகமான பெயர்கள், உலகம்மை, இசக்கி, சுடலை. தன்ஷிகா, மித்ராஸ்ரீ என்பதெல்லாம் கிழவிகளுக்கு வைத்த பெயராகிவிட்டது. உலகம்மை முதலில் முடியவே முடியாது என்றாள். இது கைக்குழந்தைகள் இருக்கிற இடம், மீன் கடை அல்ல என்றாள். மித்ராஸ்ரீ தன் துறைமுகக் குரலை எடுக்கப் போனபோது தன்ஷிகா முந்திக்கொண்டாள். அவளிடம் இருந்தது பேருந்து நிலையக் குரல். அதைக் கேட்டால் எவரும் தன்னையறியாமல் வரிசையில் நிற்பார்கள்.

"உங்க வீட்டுல பவளம் இருக்காம்மா?"

உலகம்மை குனிந்து தொட்டிக்குள் பார்த்தாள். இருந்தது, என்றாள் பிறகு. நான் நீட் படிக்கிறேன் என்று வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, வெளுத்துப்போய்விட்டது. சொல்லிவிட்டு, கடைசியில் இருக்கிற பழைய மெஷின் சும்மாதான் கிடக்கிறது, சத்தம் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

சேர்க்கைக் கணினிக்கு மட்டும் பவளம் என்றால் புரியவில்லை. பிறந்த குழந்தை என்று போட்டால்தான் மெஷின் எரியும். தாய் பெயர் என்று நர்ஸ் கேட்டதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தங்கள் பெயரைச் சொன்னார்கள். ஆணா பெண்ணா என்று கேட்டாள். ரெண்டும்தான் என்றாள் மித்ராஸ்ரீ. நர்ஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு, எடை என்ன என்று அடுத்ததற்குப் போய்விட்டாள். கட்ட மணிக்கட்டு இல்லாததால் பெயர்ப்பட்டையைக் கொம்பனின் தொட்டிக் குழாயில் கட்டினார்கள்.

மெஷினைப் போட்டதும் நீலம் கொட்டியது. கொம்பன் சாயங்காலம்வரை யோசித்துவிட்டு, மெதுவாக ஒரு நுனியை விரித்தது. தன்ஷிகா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தன் காலில் செருப்பு இல்லை என்பதே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

குழந்தையோடு ஒரு ஆள்தான் தங்கலாம் என்பதால் முறை வைத்துக்கொண்டார்கள், பகலுக்கு ஒருத்தி, ராத்திரிக்கு ஒருத்தி. முறை மாறும்போது ஐந்து நிமிடம் சண்டை. அதை மட்டும் வராண்டாவில் வைத்துக்கொண்டார்கள். தெருக்காரர்கள் மக்ரூன் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் எட்டிப் பார்த்து, நிறம் அப்படியே நிகிலேஷ் அண்ணாச்சிதான் என்றார்கள். இரண்டு நாளில் ஊரிலுள்ள தொட்டிகளெல்லாம் எந்தெந்த ஆஸ்பத்திரிக்கோ கிளம்பிவிட்டதாகப் பேச்சு. ஆண் வார்டில் கூட ஒரு மூளைப் பவளத்தைச் சேர்த்திருக்கிறார்களாம், அதற்கு மூளை நரம்பு மருத்துவர் ரவுண்ட்ஸ் வருகிறாராம்.

நான்காம் நாள் இசக்கியின் குழந்தையை வெளியே எடுத்தார்கள். மஞ்சள் இறங்கிவிட்டது. அதுவரை தள்ளிப்போன சடங்கு ஒன்று இருந்தது. பிறந்த பிள்ளையின் நாவில் முதல் சீனித் தண்ணீரைத் தொட்டு வைக்கிற சேனை. யார் சேனை வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும். அதனால் இசக்கி வீட்டில் இரண்டு தரப்பும் பெரிய பஞ்சாயத்து நடத்தி, யாரோடும் சண்டைக்குப் போகாத ஒரு சித்தியைக் கண்டுபிடித்து அழைத்து வந்திருந்தார்கள். டாக்டர் பார்க்காத நேரமாகப் பார்த்துச் சித்தி ஒரு சொட்டு வைத்தாள்.

தன்ஷிகா பக்கத்திலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிச்சச் சீனித் தண்ணீர் ஒரு கிண்ணத்தில் சன்னல் ஓரம் இருந்தது. கொம்பனுக்கு இதுவரை யாருமே சேனை வைக்கவில்லையே என்று அவளுக்குத் தோன்றிற்று. விளக்குச் சரியாகாமலே போகலாம். என்றைக்கோ ஒரு நாள் இவள் கோவில்பட்டிக்குப் போகத்தான் வேண்டியிருக்கும். அப்போது அந்த வீட்டில் இவள் குணத்தோடு ஏதாவது ஒன்று இருக்கட்டும். மதினி பேச்சுக்கு மறுபேச்சுப் பேச ஆள் வேண்டாமா? பவளத்தால் பேச முடியாது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு கரண்டி எடுத்து, நாக்கு எங்கே என்று தேடிப் பார்த்துவிட்டு, பொதுவாக ஊற்றினாள். அரைக் கிண்ணம் போல விழுந்துவிட்டது.

மறுநாள் காலையில் தொட்டித் தண்ணீர் மோர் மாதிரி இருந்தது. கொம்பனைக் காணவே இல்லை.

"என்ன பண்ணுன?" என்றாள் மித்ராஸ்ரீ. குரலில் துறைமுகம் இல்லை.

தன்ஷிகாவுக்கு முதலில் ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்லத்தான் வந்தது. சொல்லவும் செய்தாள். பிறகு மோருக்குள் கையளவு இருட்டாகக் கொம்பனின் நிழலைப் பார்த்துவிட்டு, "சேனை வச்சேன் மதினி" என்றாள்.

வழக்கமாக இந்த இடத்தில் மித்ராஸ்ரீ ஒரு மணி நேரத்துக்குப் பேசுவாள். அன்று சன்னல் ஓரத்துக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது ஏச்சைவிட மோசமாக இருந்தது. தன்ஷிகா மனதுக்குள் பெட்டியை இறக்கி, இந்தத் தடவை உண்மையாகவே துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பவளத் துறை ஆய்வாளர் வந்தார். கவின்வேள் என்று பெயர். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் பவளம் பார்த்து அலைந்ததில் சட்டையில் டெட்டால் வாடை. தண்ணீரைப் பார்த்தார், விரலை நனைத்துப் பார்த்தார், சீனியா என்றார். அரைக் கிண்ணம் என்றாள் தன்ஷிகா. கெட்டது செய்யவில்லை, அளவு தெரியாமல் செய்துவிட்டீர்கள் என்றார். சீனி விழுந்தால் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பெருகித் தண்ணீர் வெளுக்கும், அவை காற்றையெல்லாம் குடித்துவிடும். காற்று மட்டும் கொடுத்தால் போதும், பவளமே அந்தக் கிருமிகளைத் தின்றுவிடும், அதற்கு அது கல்யாணச் சாப்பாடு. உலகம்மை ஒன்றும் கேட்காமல் பிராணவாயுக் குழாய் ஒன்றை இழுத்துத் தொட்டிக்குள் விட்டாள். பாதித் தண்ணீரை மாற்றினார்கள். தொட்டி குமிழியிட்டுக் கொதித்தது.

"ஆனா அரைக் கிண்ணத்துக்கு இவ்வளவு வெளுக்காதே" என்றார் கவின்வேள். "ரெண்டு தடவ விழுந்திருக்கு. ராத்திரி யார் இருந்தீங்க?"

ராத்திரி முறை மித்ராஸ்ரீயுடையது. அவள் குழாயில் கட்டியிருந்த பெயர்ப்பட்டையின் முடிச்சைச் சரி செய்துகொண்டிருந்தாள். ஏற்கெனவே சரியாக இருந்த முடிச்சு.

சாயங்காலத்துக்குள் மோர் நீர்மோராகி, நீர்மோர் தண்ணீராயிற்று. கொம்பன் வெளியே வந்தது, ஒவ்வொரு நுனியும் நீலமாக, ஒவ்வொரு வாயும் திறந்து. வயிறு நிறைந்த பிள்ளை மாதிரி இருந்தது. யாருடைய குணம் வந்திருக்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. இரண்டு பேர் குணமும் சேர்ந்து வந்திருந்தால் அந்தத் தொட்டி தாங்காது என்று இசக்கி மட்டும் சொன்னான்.

கவின்வேள் மக்ரூன் சாப்பிட்டுக்கொண்டே நல்ல செய்தி சொன்னார். யாரையும் கேட்காமல் எரிகிற விளக்குகள் அடுத்த வாரம் வந்துவிடும். மாவட்டத்திலேயே இந்தக் கொம்பனுக்குத்தான் இவ்வளவு நல்ல நிறம். தன்ஷிகாவுக்கு உள்ளே ஏதோ இறங்கி உட்கார்ந்தது. பெட்டி மனதுக்குள் தானாகவே பரணுக்கு ஏறிக்கொண்டது. அந்த நிம்மதியில், கேட்காத கேள்விக்கும் பதில் சொன்னாள்.

"எல்லாம் சட்டப்படிதான் தம்பி செஞ்சோம். ஒத்த ஆளா விட்டதே இல்ல. ரெண்டு பேரும் முறை வச்சுப் பாத்துக்கிட்டோம்."

"எந்தச் சட்டம்?"

"ரெண்டு ஆளு இருக்கணும்கிற சட்டம்தான்."

கவின்வேள் கையிலிருந்த மக்ரூன் பொடியைத் தட்டிவிட்டார். "அது எடுத்து நாலு வருசம் ஆச்சே அம்மா. ஒத்த ஆளே வச்சுக்கலாம். நானே வீட்டுக்கு வந்து இவங்ககிட்டச் சொன்னேன். நீங்க அப்ப கடைக்குப் போயிருந்தீங்க." அவர் மித்ராஸ்ரீயின் பக்கம் திரும்பினார். "ஞாபகம் இருக்கா? மெதுவாப் பேசுங்க, கதவு திறந்திருக்குன்னு சொன்னீங்களே."

மித்ராஸ்ரீ ஒரு துணியை நனைத்துத் தொட்டியின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். நல்ல ஈரத்துணி. மேலிருந்து கீழே துடைத்தாள், பிறகு கீழிருந்து மேலே. கவின்வேள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஆண் வார்டில் மூளைப் பவளம் காத்திருக்கிறது என்று எழுந்து போனார். உலகம்மை இசக்கியின் குழந்தையைப் பார்க்கப் போனாள்.

நான்கு வருடம். அதற்குள் எத்தனை சண்டை, எத்தனை தடவை ஸ்டூல், எத்தனை தடவை அந்தச் சட்டம். தன்ஷிகா எண்ணிப் பார்க்க முயன்று விட்டுவிட்டாள். கொம்பன் நீல வெளிச்சத்தில் ஒரு நுனியை இந்தப் பக்கமும் ஒரு நுனியை அந்தப் பக்கமுமாக ஆட்டிக்கொண்டிருந்தது. துணி அதே இடத்தில் மூன்றாம் முறையாகப் போய்வந்தது. தன்ஷிகா நாற்காலியைக் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பேருந்து நிலையக் குரலை ஒதுக்கிவிட்டுத் தன் சொந்தக் குரலில் கேட்டாள்.

"அப்பம் மதினி, வீட்டுக்குப் போனதும் பெட்டிய எறக்கட்டுமா?"